ரிமோட்டில் தேய்ந்தது ஒரே ஒரு பட்டன்

போன வாரம் டிவி ரிமோட்டை மாற்றினோம். 350 ரூபாய். கடைக்காரர் பழையதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மத்ததெல்லாம் புதுசு மாதிரி இருக்கே, படத்தை நிறுத்துற பாஸ் பட்டன் மட்டும் எப்படிங்க குழி விழுந்துச்சு?” என்றார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சட்டென்று கூரை மின்விசிறியை ஆராயத் தொடங்கிவிட்டார்.

அதே வாரம் தோழி ஒருத்தி செய்தி அனுப்பியிருந்தாள். “அக்கா, நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சது, பார்த்தது லிஸ்ட் இருந்தா குடுங்க. எங்க வீட்டுலயும் அந்த ‘ஆணா பெண்ணா’ பேச்சு ஆரம்பிச்சிருக்கு.” லிஸ்ட் அனுப்ப ஐந்து நிமிடம் போதும். ஆனால் மூன்று வருடம் புழங்கிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்ல வேண்டியது வேறு இருக்கிறது. அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ரிமோட் விஷயத்துக்கு மட்டும் அனுமதி கேட்கவில்லை.

கல்யாணமாகி பதினோரு வருடம் ஆன பிறகு, ஓர் இரவு அவர் சொன்னார்: ‘ஆம்பளை’ என்பது யாரோ தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி இருக்கிறது, தோளில் எப்போதும் பிடிக்கிறது, அதற்காகப் பெண் என்றும் தோன்றவில்லை, என்னவென்று பெயர் சொல்லத் தெரியவில்லை. “சரி, தூங்குங்க, காலையில பேசலாம்” என்றேன். காலையில் பேசவில்லை. அடுத்த இரண்டு மாதமும் பேசவில்லை. அப்புறம்தான் இந்த ஏற்பாடு வந்தது: ஒரு சனிக்கிழமை புத்தகம், அடுத்த சனிக்கிழமை படம். எங்களைப் பற்றிப் பேச வாய் வராதபோது வேறு யாரையோ பற்றிப் பேசுகிற சாக்கில் பேசிக்கொள்ளலாம் என்று ஒரு கணக்கு. கணக்கு தப்பவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வரப்போவது முழுக்கப் புகார்.

புகார் பாஸ் பட்டன் பற்றியது. ‘சூப்பர் டீலக்ஸ்’ கிட்டத்தட்ட மூன்று மணி நேரப் படம். எங்கள் வீட்டில் அது மூன்று இரவு ஓடியது. அதில் வருகிற திருநங்கை ஷில்பாவைப் பற்றி யாராவது ‘அவன்’ என்றால் பாஸ். ‘வந்தான்’ என்றால் பாஸ். “இப்ப ஏன் அப்படிச் சொன்னாங்க?” என்று என்னைப் பார்த்துக் கேட்பார், வசனம் எழுதியது நான் என்பதுபோல. டீ ஆறிவிடும். கதையின் சூடும் ஆறிவிடும். வருடக்கணக்கில் காணாமல் போன கணவர் திருநங்கையாக வீடு திரும்புகிற கதை அதில் ஒன்று. ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆண் நடிகரை நடிக்க வைத்ததும், ஷில்பா குழந்தைகளைக் கடத்தியதாக வருகிற பகுதியும் தவறு என்று திருநங்கைகள் பலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமானது. என் கண் மட்டும் படம் முழுக்க ஜோதி மேலேயே இருந்தது. மனைவி. வாசலில் நிற்கிறாள், பார்க்கிறாள், பேச்சு குறைவு. ஒரே ஒரு தடவையாவது ஜோதிக்காகப் படத்தை நிறுத்த எனக்கு ஆசை. ரிமோட் என் கையில் இருந்தால்தானே?

‘காஞ்சனா’வை 2011இல் தியேட்டரில் சிரித்துச் சிரித்துப் பார்த்தோம். மறுபடி போட்டபோது சிரித்த இடங்களில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. சரத்குமார் திருநங்கையாக வருகிற பகுதியில் பாஸ் விழவே இல்லை, அது அவருக்குப் பிடித்துவிட்டது. சந்தோஷ் சிவனின் ‘நவரசா’ சிறிய படம், திருநங்கைகள் கூடும் கூவாகம் திருவிழா வரைக்கும் போகிறது. ஒரே இரவில் முடித்தோம். சாதனை.

புத்தக வாரங்களில் இந்தத் தொல்லை கிடையாது. ஏன் என்று ரொம்ப நாள் புரியவில்லை. திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா தன் கதையை எழுதிய ‘நான் வித்யா’ வாசிக்கும்போதுதான் பிடிபட்டது. மாற்றி மாற்றி உரக்க வாசிப்பது எங்கள் வழக்கம். நாற்பது பக்கம் போயிருக்கும், அவர் ஒரு தடவைகூட நிறுத்தவில்லை. தமிழில் ‘நான்’ என்பதற்குப் பால் இல்லை. போனேன், அழுதேன், ஓடினேன். யார் சொன்னாலும் ஒரே விகுதிதான். ‘நீ’க்கும் அப்படியே. இந்தியில் ‘நான் போகிறேன்’ என்று சொல்லவே ஆணுக்கு ஒரு வடிவம், பெண்ணுக்கு ஒன்று. நமக்கு அந்தக் கஷ்டம் வைக்கவில்லை. எனக்கு நான், உனக்கு நீ என்று இருக்கும் வரைக்கும் தமிழ் ஒன்றும் கேட்பதில்லை. மூன்றாவது ஆளைப் பற்றி வாயைத் திறந்தால்தான் ‘வந்தான்’ என்பதா ‘வந்தாள்’ என்பதா என்று முடிவு செய்தாக வேண்டும். சினிமா என்றால் பாதி நேரம் ஒருவரைப் பற்றி இன்னொருவர் பேசுவதுதானே! பட்டன் தேயாமல் என்ன செய்யும்?

அதே புத்தகம் 2015இல் கன்னடத்தில் படமாக வந்தது. தலைப்பே ‘நானு அவனல்ல அவளு’. நான் அவன் இல்லை, அவள். தலைப்பைப் பார்த்ததுமே அவர் நிறுத்திவிட்டார். படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை! “இவங்களுக்கு ரெண்டுல ஒண்ணு தெளிவா இருக்கு, எனக்குத்தான் ரெண்டுமே இல்ல” என்றார். அன்றைக்குப் படம் பார்க்கவில்லை. விடிய விடியப் பேசிக்கொண்டிருந்தோம். அந்த ஒரு இரவுக்காக முழு மதிப்பெண் தரலாம், தந்திருப்பேன், மறுநாள் ஆபீஸ் இல்லாமல் இருந்திருந்தால். அடுத்த வாரம் படத்தைப் பார்த்தோம். சஞ்சாரி விஜய் நன்றாக நடித்திருந்தார். 2021இல் விபத்தில் போய்விட்டார் என்று படம் முடிந்து தேடியபோதுதான் தெரிந்தது.

விகுதி விவகாரம் அவருக்குப் பித்தாகவே ஆகிவிட்டது. ஒரு நாள் தொல்காப்பியத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதில் கிளவியாக்கம் என்ற இயலில் ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் சொல்லைப் பற்றி ஒரு சூத்திரம் இருக்கிறது: “இவ்வென அறியும் அந்தம் தமக்கு இலவே”. அவர்களுக்கென்று தனி ஈறு கிடையாது, இருக்கிற உயர்திணை ஈறுகளைக் கடன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பொருள். “பார்த்தியா, அப்பவே வாடகை வீடுதான்” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுத்தில் பிரச்சினை இல்லை. ‘அவர் வந்தார்’ என்று எழுதினால் யாராகவும் இருக்கலாம். பேச்சில் அது நடக்காது. ‘அவரு’ என்றால் ஆண்தான். ‘அவங்க’ என்றால் பெண், இல்லாவிட்டால் பலர். பதினோரு வருடமாக ஊருக்கெல்லாம் “அவரு வந்துட்டாரு, அவரு சாப்பிட்டாரு” என்று சொல்லிப் பழகிய வாய் இது. வழி என் அப்பத்தாவிடமிருந்து வந்தது. மதுரைப் பக்கத்து மனுஷி. தாத்தாவை “அவுக வந்தாக” என்பார். பள்ளிக்கூடத்து டீச்சரம்மாவையும் “அவுக வந்தாக” என்பார். மரியாதை உள்ள எல்லோரும் அவருக்கு ‘அவுக’தான். சின்ன வயதில் இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல், புருஷனுக்கு இவ்வளவு பணிவா என்று. இப்போது வீட்டில் நான் “அவுக குளிச்சிட்டு இருக்காக” என்கிறேன். மாமியாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம், மருமகளுக்கு இப்போதாவது மரியாதை வந்ததே என்று.

மாமியாருக்கு எதுவும் தெரியாது. பொங்கலுக்கு வந்திருந்தபோது ‘சூப்பர் டீலக்ஸ்’ மூன்றாவது இரவில் வந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பார்த்தார். “பாவம் அந்தப் பொண்ணு. இவன் இப்படி வந்து நின்னா அவ என்னதான் பண்ணுவா?” என்றார். ரிமோட் என் வீட்டுக்காரர் மடியில் இருந்தது. நான் பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிறுத்தவில்லை. கடைசிப் பெயர் ஓடி முடியும் வரைக்கும் படம் நிற்காமல் ஓடியது. மூன்று வருடத்தில் நிற்காமல் ஓட வேண்டும் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன். அன்றைக்கு ஓடியபோது யாராவது நிறுத்த மாட்டார்களா என்றிருந்தது.

சரி, தோழிக்குப் பதில். படத்தில் ஆரம்பிக்காதே. இந்த முறையையே பரிந்துரைக்கலாமா என்றால், நேற்று இரவு ஒரு மணி நேரப் படத்துக்குப் பதினேழு முறை பாஸ் விழுந்த கோபத்தில் இருக்கிறேன், அதனால் வேண்டாம் என்றே சொல்கிறேன். அடுத்த மாதம் கேட்டால் வேறு சொல்வேனோ என்னவோ. மீறித்தான் ஆரம்பிப்பாய் என்றால் ‘நான்’ என்று தொடங்கும் புத்தகமாக எடு, ரிமோட்டை உன் பக்கம் வைத்துக்கொள். ‘நான் வித்யா’வை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறேன். திருப்பித் தர வேண்டும். பக்க ஓரத்தில் பென்சிலில் அவுக எழுதி வச்சிருக்காக, அதை மட்டும் படிக்காதே.