கோல்ஃப் ஐயன் செட்டுக்கு அளவெடுத்தது: இரண்டு வருஷம் ஆடிப் பார்த்த பிறகு

கோல்ஃபில் ஐயன் என்பது இரும்புத் தலை வைத்த கிளப், அதாவது மட்டை; நம்பர் கூடக் கூட பந்து போகும் தூரம் குறையும். என் உடம்புக்கு அளவெடுத்து வாங்கிய செட்டில், ஏழாம் நம்பர் ஐயனில் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது மூன்று யார்டு. செலவானது ஒரு லட்சத்துக்கு மேல். தூரத்துக்காக ஃபிட்டிங் (இப்படி அளவெடுப்பது) போக நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுந்து போகலாம், பணம் மிச்சம். ஆனால் அடுத்த செட் வாங்கும்போது அளவெடுக்காமல் வாங்குவாயா என்று யாராவது கேட்டால், மாட்டேன் என்றுதான் சொல்வேன். ஏன் என்று விளக்கத்தான் இவ்வளவு நீளம்.

என் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்தால் மீதி புரியும். வலது கைக்காரன், ஐந்தடி நான்கு அங்குலம், வயது ஐம்பதை நெருங்குகிறது, ஹேண்டிகேப் (ஆட்டத்திறனைக் காட்டும் எண்; குறைந்தால் நல்லது) பதினேழு பதினெட்டில் ஊசலாடும். பெரும்பாலும் சென்னை நந்தனம் மைதானத்தில் ஆடுவேன், யாராவது கூட்டிக்கொண்டு போனபோது கிண்டியிலும் ஆடியிருக்கிறேன். முன்பு வைத்திருந்த செட் அமெரிக்காவிலிருந்து மச்சான் வரும்போது கொண்டுவந்தது. நல்ல கம்பெனி, நல்ல செட். அதில் டைனமிக் கோல்டு எஸ்300 ஷாஃப்ட் (கிளப்பின் தண்டு), கிட்டத்தட்ட 130 கிராம். நல்ல வேகத்தில் அடிக்கிற பையன்களுக்கு அருமையான ஷாஃப்ட். எனக்கு ஒரு ரவுண்டின் பதினெட்டு ஹோலில் (குழியில்) பதினான்காவது தாண்டினால் கை கெஞ்சும்.

பெரிய தொல்லை, பந்து இடது பக்கம் போவது. அதுவும் ஒன்பதாம் நம்பர், பிட்சிங் வெட்ஜ் (கிட்டத்திலிருந்து அடிக்கும் கிளப்) என்று சின்ன கிளப்பாக ஆக, இன்னும் மோசம். ஐந்தாம் நம்பரில் நேராகப் போகிறவனுக்கு நூறு யார்டிலிருந்து கிரீனின் (குழி இருக்கும் புல்தரையின்) இடது பக்க பங்கர்தான், அந்த மணல் பள்ளம்தான் வீடு. கோச்சிடம் போனேன், கையைத் திருப்புகிறாய் என்றார். திருப்பாமல் அடித்தால் வலது பக்கம் போனது. இதை முதலில் சரியாகப் பார்த்தவர், என் பையைத் தூக்கி வரும் கேடிதான். ஒரு நாள் அடிக்கும்போது நான் புல்லைப் பெயர்த்த குழிக்குப் (டிவட்) பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “சார், இந்தக் குழியப் பாருங்க. உங்க கால் பக்கம் ஆழமா வெட்டியிருக்கு, அந்தாண்ட புல்லு அப்படியே நிக்குது. கிளப்புதான் சார் தூக்கிக்கிட்டு வருது” என்றார். அதாவது, கிளப் தலையின் நுனி (டோ) மேலே தூக்கியிருக்க, ஷாஃப்டை ஒட்டிய பக்கம் (ஹீல்) மட்டும் மண்ணில் இறங்குகிறது.

இதுதான் லை ஆங்கிள் விவகாரம். கிளப்பைத் தரையில் சரியாக வைத்தால் ஷாஃப்டுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் கோணம். ஏழாம் நம்பரில் வழக்கமாக 62, 62.5 டிகிரி இருக்கும். குள்ளமான ஆளின் கை தாழ்ந்து இருக்கும். அதே கிளப்பை அவன் பிடித்தால் டோ மேலே எழும்பும். அப்போது ஃபேஸ் (பந்தில் படும் முகம்) நேராக இருப்பதுபோல் தெரிந்தாலும் உண்மையில் இடது பக்கம் பார்க்கும். லாஃப்ட் (ஃபேஸ் பின்னால் சாய்ந்திருக்கும் கோணம்) கூடக் கூட இந்த விலகலும் கூடும். மூன்றாம் நம்பரில் தெரியாத தப்பு வெட்ஜில் பூதாகரமாகத் தெரிவது இதனால்தான். பாவம், கோச் மேல் தப்பில்லை. நான் கொண்டுபோன கிளப்பே இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் எஞ்சினியராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் 1959இல் தொடங்கிய பிங் கம்பெனி, 1970களிலேயே ஐயனின் கழுத்தில் கலர் புள்ளி வைத்து லை ஆங்கிளைப் பிரித்து விற்க ஆரம்பித்துவிட்டது. கறுப்புப் புள்ளி என்றால் ஸ்டாண்டர்டு. நம் ஊர்க் கடையில் தொங்குகிற செட் எல்லாம் அந்த ஸ்டாண்டர்டுதான். அது யாருடைய உயரத்துக்கு ஸ்டாண்டர்டு என்று நாம் கேட்பதில்லை.

ஃபிட்டிங் நடந்தது சென்னை ஓஎம்ஆர் சாலைப் பக்கம் சிமுலேட்டர் (பந்து பறப்பதைத் திரையில் காட்டும் கருவி) வைத்திருக்கும் ஓர் இடத்தில். முதலில் உயரம், அப்புறம் மணிக்கட்டிலிருந்து தரை வரை உள்ள தூரம் இரண்டையும் அளந்தார்கள். இங்கேதான் முதல் ஆச்சரியம். குள்ளமாக இருக்கிறோம், ஷாஃப்டில் அரை அங்குலமாவது வெட்டித் தள்ளுவார்கள் என்று நினைத்துப் போயிருந்தேன். என் கையும் குட்டை, அதனால் மணிக்கட்டு தரையிலிருந்து அப்படியொன்றும் தாழ்வாக இல்லையாம். கால் அங்குலம் போதும் என்றார் ஃபிட்டர். ரெடிமேட் பேண்டைக் காலடியில் மடித்துத் தைத்துக்கொள்வதுபோல ஐயனையும் வெட்டிக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அரை அங்குலம் வெட்டினால் ஸ்விங் வெயிட் (வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரியும் என்ற அளவு) மூன்று புள்ளி அளவுக்கு இறங்கிவிடும், தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியாது. அதைச் சரிக்கட்டத் தலையில் எடை சேர்க்க வேண்டும்.

அடுத்து ஷாஃப்ட். ஒரே தலையில் வேறு வேறு ஷாஃப்டை மாட்டி அடிக்கச் சொன்னார்கள். எனக்கு ஒத்துவந்தது நிப்பான் என்எஸ் ப்ரோ 950, ரெகுலர் ஃப்ளெக்ஸ் (நடுத்தரமாக வளைவது), நூறு கிராமுக்கும் குறைவு. கிராஃபைட்டும் அடித்துப் பார்த்தேன். வேகம் கொஞ்சம் கூடியது, ஆனால் பந்து விழுந்த இடங்கள் திரையில் திருவிழாக் கூட்டம்போலச் சிதறிக் கிடந்தன. இரும்பே இருக்கட்டும் என்று விட்டேன். இந்த எடை மாற்றத்தின் அருமை அன்றைக்குத் தெரியவில்லை. ஏசி அறையில் யாருக்குக் கை வலிக்கும்? மே மாதத்தில் பதினாறாவது ஹோலில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

பிறகு தலை. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் ஏமாறும் இடம் இதுதான். ஃபிட்டர் கொடுத்த ஒரு ஏழாம் நம்பரில் பந்து 152 யார்டு பறந்தது. என் பழைய கிளப்பில் 138. பதினான்கு யார்டு! மனசு அங்கேயே பர்ஸைத் திறந்துவிட்டது. லாஃப்டைக் கேட்டேன்: 28 டிகிரி. என் பழையது 34. அதாவது, கீழே ஏழு என்று பொறித்திருக்கிறதே தவிர, பழைய கணக்கில் அது ஐந்தரை. திரையில் தூரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எண் இருந்தது, பந்து தரையிறங்கும் கோணம். அது நாற்பதுக்கும் கீழே. அமெரிக்க பிஜிஏ டூர் ஆட்டக்காரர்கள் ஏழாம் நம்பரில் சராசரியாக 170 யார்டுக்கு மேல் அடிக்கிறார்கள், பந்தின் ஸ்பின் நிமிடத்துக்கு 7,000 சுற்றுச் சொச்சம், பந்து இறங்குவது ஐம்பது டிகிரி அளவில். அவர்கள் தூரத்தைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோம். பார்க்க வேண்டியது அந்த ஐம்பதை. கோடையில் இறுகிக் கிடக்கும் கிரீனில் நாற்பதுக்குக் கீழே இறங்குகிற பந்து நிற்காது, குதித்துப் பின்பக்கம் ஓடிவிடும். அங்கிருந்து லேசாகத் தூக்கி அடித்து (சிப்), உருட்டி இரண்டு பட் போட்டு, போகி, அதாவது அந்த ஹோலுக்கு உரிய கணக்கைவிட ஓர் அடி அதிகம்.

கடைசியில் எடுத்தது 32 டிகிரி உள்ள ஃபோர்ஜ்டு (அடித்து உருவாக்கிய) தலை. 141 யார்டு, இறங்கும் கோணம் 45ஐ ஒட்டி. அந்த மூன்று யார்டு வந்த கதை இதுதான். ஃபோர்ஜ்டு எடுத்ததற்கு இன்னொரு காரணம், மென்மையான கார்பன் ஸ்டீல் என்பதால் லை ஆங்கிளை வளைக்க இடம் கொடுக்கும். வார்ப்பில் செய்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தலைகள் பலவும் அவ்வளவு சுலபத்தில் வளைந்துகொடுக்காது. “ஃபோர்ஜ்டு ஃபீல்” என்று சிலாகிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படியொன்றும் தெரியவில்லை. நடுவில் பட்டால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கிறது.

லை ஆங்கிளைச் செயற்கைப் புல் விரிப்பில் அளந்தபோது ஒரு டிகிரி ஃப்ளாட் (கோணத்தைக் குறைப்பது) போதும் என்று வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. விரிப்பில் பந்துக்கு முன்னாலேயே கிளப் தரையைத் தொட்டாலும் வழுக்கிக்கொண்டு போய் அடித்துவிடும், புல்லில் அதே அடி மண்ணோடு நிற்கும். புல்லில் ஒரு தடவை பார்க்கலாமா என்று கேட்டேன். ஃபிட்டர் முகம் சுளிக்காமல் ரேஞ்சுக்கு (பயிற்சி மைதானத்துக்கு) வந்தார், அதற்காகவே அவருக்கு ஒரு கும்பிடு. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தில் தடியாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாகக் கிளப்பைப் பார்க்கும்படி வைத்து அடிக்கச் சொன்னார். கோடு ஃபேஸில் அச்சாக விழும். அது நேராக நின்றால் லை சரி. எனக்குக் கோட்டின் மேல்முனை டோ பக்கம் சாய்ந்து விழுந்தது, அதாவது கோணம் இன்னும் அதிகம் (அப்ரைட்). இரண்டு டிகிரி ஃப்ளாட் என்று முடிவானது. ஒரு மார்க்கரும் ஒரு கிளப்பும் இருந்தால் யாரும் செய்து பார்க்கலாம். நீங்கள் செட் வாங்கப்போவதில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்து பாருங்கள்.

செட் வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. வந்ததும் நான் செய்த உருப்படியான காரியம், வேறொரு இடத்தில் லாஃப்ட்-லை மெஷினில் வைத்து ஒவ்வொன்றாக அளக்கச் சொன்னது. ஆறாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஆர்டர் கொடுத்தபடி வளைக்கப்படவே இல்லை, ஸ்டாண்டர்டாகவே வந்திருந்தன. கேட்டால் “ஃபேக்டரியில் விட்டிருப்பாங்க சார்” என்று பதில். இலவசமாக வளைத்துக் கொடுத்தார்கள், சரி. ஆனால் அளக்காமல் விட்டிருந்தால் அந்த இரண்டு கிளப்பில் மட்டும் ஏன் இடது பக்கம் போகிறது என்று மறுபடியும் கோச் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். அளவெடுக்கக் காசு கொடுப்பவர்கள், வந்த பொருளை அளக்கவும் கொஞ்சம் எடுத்துவையுங்கள்.

ஃபிட்டிங்கில் யாருமே பேசாத விஷயம் வியர்வை. கையின் அளவைப் பார்த்து ஸ்டாண்டர்டு சைஸ் கிரிப் (கைப்பிடி உறை) போட்டார்கள், அளவு சரிதான். ஆனால் அது வழுவழுப்பான ரப்பர். குளுகுளு அறையில் கச்சிதமாக இருந்தது. சென்னையில் காலை ஏழு மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டுகிறது. நாலாவது ஹோலில் தோல் கிளவ் ஊறிப்போய், கிரிப் கையில் சுழலும். சுழலக் கூடாதே என்று இறுக்கிப் பிடிப்போம், பிடித்தால் முன்கை விறைக்கும், விறைத்தால் பந்து வலது பக்கம். இரண்டு டிகிரி வளைத்துச் சரி செய்ததை வியர்வை கெடுத்துக்கொண்டிருந்தது. மேல்பாதி நூல் கலந்த கிரிப்பாக எல்லாவற்றையும் மாற்றினேன். கூடவே மழைக்கு என்று விற்கும் துணி கிளவை வெயிலில் போட ஆரம்பித்தேன். ஈரமானால்தான் அது நன்றாகப் பிடிக்கும்; நம் ஊருக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. ஃபிட்டர்கள் இதை முதல் கேள்வியாகக் கேட்க வேண்டும். நீங்கள் போவதானால் கையை நனைத்துக்கொண்டு ஒரு பக்கெட் பந்து அடித்துப் பாருங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.

இரண்டு வருஷத்தில் ஸ்கோர் என்ன ஆனது என்றால், ஹேண்டிகேப் இரண்டு இறங்கியிருக்கிறது. அதில் கிளப்புக்கு எவ்வளவு பங்கு, ஒழுங்காக ரேஞ்சுக்குப் போனதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. உறுதியாகத் தெரிவது, நூறு நூற்றிருபது யார்டு அடிகள் இப்போது இரண்டு பக்கமும் தவறுகின்றன. கேட்கத் தமாஷாக இருக்கும். ஆனால் எப்போதும் இடது பக்கமே தவறுகிறவன் தன்னை அறியாமல் வலது பக்கம் குறிவைக்கப் பழகிவிடுவான், அதிலிருந்து வேறு நாலு கெட்ட பழக்கம் முளைக்கும். எனக்கு அது போக ஆறு மாதம்போல் ஆனது. அந்த ஆறு மாதமும் ஸ்கோர் ஏறத்தான் செய்தது. புதுச் செட் வாங்கிய அடுத்த வாரமே டோர்னமென்ட்டில் பெயர் கொடுக்காதீர்கள்.

பிட்சிங் வெட்ஜ் புதுச் செட்டில் 45 டிகிரி. என்னிடமிருந்த சாண்டு வெட்ஜ் (மணலிலிருந்து அடிக்கும் கிளப்) 56. நடுவில் பதினோரு டிகிரி இடைவெளி, தூரத்தில் முப்பது யார்டு போல ஓட்டை. அதற்கு 50 டிகிரியில் ஒன்று தனியாக வாங்க வேண்டியிருந்தது, பையில் பதினான்குக்கு மேல் வைக்கக் கூடாது என்பதால் நான்காம் நம்பர் ஐயன் வீட்டுக்குப் போனது. அதை நினைத்து ஒரு நாளும் ஏங்கியதில்லை.

பராமரிப்பில் இரண்டு சங்கதி. ஒன்று, மென்மையான தலை என்பதால் லை நகரும். ஒரு வருஷம் கழித்து அளந்தபோது அதிகம் அடிக்கிற எட்டாம் நம்பரும் பிட்சிங் வெட்ஜும் ஒரு டிகிரி நகர்ந்திருந்தன. ரேஞ்சில் விரிப்பின் மேல் ஓயாமல் அடிப்பதுதான் காரணம் என்றார்கள். சில நூறு ரூபாயில் முடிந்துவிட்டது. இரண்டு, பையைக் கார் டிக்கியில் விட்டுவைக்காதீர்கள். வெயிலில் நிற்கிற காரின் டிக்கிச் சூட்டில் தலையை ஒட்டியிருக்கும் பசை இளகும். ஷாஃப்டும் தலையும் சேருகிற இடத்தில் இருக்கும் கறுப்பு வளையம் மேலே நகர்ந்திருந்தால் அது முதல் அறிகுறி. கடற்காற்றுக்குத் துரு வேறு. ரவுண்டு முடிந்ததும் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பையில் வைக்கச் சொல்லிக் கேடியிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

யாருக்கு இது வேண்டாம் என்றால், இப்போதுதான் ஆட்டம் கற்றுக்கொள்பவர்களுக்கு. ஸ்விங்கே மாதத்துக்கு ஒன்றாக இருக்கும்போது எதை அளப்பது? பழைய செட் ஒன்றை வாங்கி, லை ஆங்கிளை மட்டும் பார்த்து வளைத்துக்கொண்டால் போதும். அது சில ஆயிரத்தில் முடிகிற வேலை. எனக்கே உண்மையான பலனில் பாதி அதிலிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, விற்கப் போனால் விலை போகாது. சில மாதம் முன்பு ஆசைக்கு விசாரித்துப் பார்த்தேன். கால் அங்குலம் வெட்டியது, இரண்டு டிகிரி ஃப்ளாட் என்றதும் பேரம் பேசவே ஆள் இல்லை. கூட ஆடுகிற நண்பர் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். அவர் ஆறடி. கொடுத்திருந்தால் அடுத்த ஞாயிறு முதல் எல்லாப் பந்தும் வலது பக்கம் போயிருக்கும், திட்டு எனக்கு விழுந்திருக்கும்.