சீதா சிங்ஸ் தி ப்ளூஸ்: சீதையைப் பிடித்த படம், இராமனைக் கோட்டை விட்ட படம்

இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லி நான் அனுப்பிய யாரிடமிருந்தும் “பரவாயில்லை” என்ற பதில் வரவில்லை. ஒன்று, “இதை எப்படி இத்தனை நாள் பார்க்காமல் விட்டேன்” என்கிறார்கள், இல்லையென்றால் “இதையெல்லாம் எதற்கு அனுப்புகிறாய்” என்று கோபப்படுகிறார்கள். வெளியிலும் அதே நிலைமைதான். அமெரிக்காவில் ரோஜர் ஈபர்ட் மாதிரியான விமர்சகர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார், பிரான்சின் அன்சி அனிமேஷன் விழாவில் சிறந்த முழுநீளப் படம் என்று பரிசு கொடுத்தார்கள், இங்கே 2009இல் இந்து ஜனஜாக்ருதி சமிதி என்கிற இந்து அமைப்பு முழுத் தடை வேண்டும் என்று மனு போட்டது. இன்னொரு பக்கம், ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் விவாகரத்துச் சோகத்துக்கு நம் காவியத்தைத் திரைச்சீலையாகத் தொங்கவிடுகிறாள் என்று படித்தவர்கள் திட்டினார்கள். எனக்கு இந்தப் படம் ரொம்பப் பிடிக்கும். ஒரு பெரிய குறையும் உண்டு, அது இந்த இரண்டு கோஷ்டியும் சொல்கிற குறை இல்லை.

முதலில் படம் என்ன என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் நீனா பேலி கிட்டத்தட்டத் தனி ஆளாகத் தன் கம்ப்யூட்டரில் சில வருடங்கள் உட்கார்ந்து வரைந்த அனிமேஷன் படம், 82 நிமிடம், 2008இல் பெர்லின் விழாவில் முதலில் காட்டினார்கள். கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துப் போக, பின்னாலேயே இவரும் போகிறார், அங்கேதான் இராமாயணம் கைக்கு வருகிறது. பிறகு ஒரு வேலையாக நியூயார்க் போன இடத்தில், திரும்பி வராதே என்று கணவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். அந்தக் கதை கொஞ்சம், சீதையின் கதை நிறைய, இரண்டும் மாறி மாறி வரும். சீதை வாய் திறந்து பாடும்போதெல்லாம் வருவது 1920களின் கடைசியில் அமெரிக்காவில் ரெக்கார்டுகளில் பாடிக்கொண்டிருந்த ஆனெட் ஹான்ஷாவின் குரல்.

அந்தக் குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழுத்தி அழுது பாடுகிற குரல் இல்லை, ஒரு சின்னப் பெண் தனக்குத் தானே முணுமுணுக்கிற மாதிரி இருக்கும், பழைய இசைத்தட்டின் கரகரப்பும் கூடவே வரும். என்னை விட்டுவிட்டானே, ஆனாலும் அவன்தான் வேண்டும் என்கிற பாட்டுகள்தான் நிறைய. அதைக் கொண்டுவந்து அசோகவனத்திலும் அக்கினிக்கு முன்னாலும் சீதையின் வாயில் வைக்கும்போது, பாட்டுக்குக் கதை எழுதினார்களா கதைக்குப் பாட்டு எழுதினார்களா என்று தெரியாத அளவுக்கு ஒட்டிப்போகிறது. காட்டில் இராமன் அம்பு விட்டு அரக்கர்களைச் சாய்த்துக்கொண்டே இருக்கிறான், ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது, அதைக் கண்டுகொள்ளாமல் சீதை நாம் ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிறோமே என்று பூரித்துப் பாடுகிறாள். சிரிப்பு வரும், கூடவே அடிவயிற்றில் ஒரு பயமும் வரும், ஏனென்றால் இந்தச் சந்தோஷம் எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் படத்தின் உயிர் பாட்டில் இல்லை, நடுநடுவே வந்து கதை சொல்கிற மூன்று நிழல் பாவைகளின் பேச்சில் இருக்கிறது. பேசியவர்கள் அசீம் சாப்ரா, பாவனா நாகுலபல்லி, மனீஷ் ஆச்சார்யா. எழுதிக் கொடுத்த வசனம் கிடையாது, சின்ன வயதில் வீட்டில் கேட்ட கதையை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்லிப் பதிவு செய்து, அதற்கு ஏற்றபடி நீனா படம் வரைந்திருக்கிறார். எந்த நூற்றாண்டு என்பதிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். சீதை வழியெல்லாம் நகையைக் கழற்றிப் போட்டாள் என்று ஒருவர் சொன்னதும், எல்லாவற்றையும் துறந்துதானே காட்டுக்கு வந்தாள், அவ்வளவு நகை எங்கிருந்து வந்தது என்று விசாரணை தொடங்குகிறது, பேசப் பேசத் திரையில் நகை வந்துகொண்டே இருக்கிறது. இராவணன் கெட்டவன் என்று முடிக்கப் போகும்போது, இல்லையில்லை, பெரிய படிப்பாளி, தன் குடலையே நரம்பாக்கி வீணை வாசித்தவன் என்று ஒரு குரல். அனுமன் கூப்பிட்டபோதே சீதை அவன் கூடப் போயிருந்தால் இவ்வளவு சாவு நடந்திருக்காதே என்று இன்னொரு குரல்.

காரைக்குடியில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். வருடா வருடம் கம்பன் விழாவில் முன்வரிசையில் உட்காருகிறவர், எழுந்து போய்விடுவார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். சீதை இடுப்பை ஆட்டி ஆட்டி நடப்பதைப் பார்த்து முகம் சுளித்தார், “இதென்ன கோலம்டா” என்றார். பாவைகள் பேச ஆரம்பித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார், நான் பாதி பாதியாகத் தமிழில் சொல்லச் சொல்ல அவரும் அந்த மூன்று பேரோடு சேர்ந்து சண்டை போட்டார். அனுமனோடு ஏன் போகவில்லை என்று கேட்டபோது, “இராமன் வில்லுக்கு மாசு வரும்னு அவளே சொல்றாளே, இவங்களுக்குத் தெரியாதா” என்று திரையைப் பார்த்து அதட்டினார். படம் வேலை செய்கிறது என்பதற்கு எனக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

நமக்கு இது புதுசும் இல்லை. வாலியை மறைந்து நின்று கொன்றது சரியா என்று பட்டிமன்றம் போட்டு வருடக்கணக்காக விவாதித்த ஊர் இது. பாலக்காட்டுப் பக்கம் பத்ரகாளி கோவில் கூத்துமாடங்களில் கம்பன் பாட்டை வைத்து நடக்கும் தோல்பாவைக்கூத்தில், திரைக்குப் பின்னால் இருக்கும் கலைஞர்கள் பாட்டைச் சொல்லிவிட்டு அதற்குப் பொருளும் கிளைக்கதையும் கேள்வியும் பதிலுமாக ராத்திரி முழுக்கப் பேசுவார்கள். பாவைகள் கதைக்கு நடுவில் நின்று தர்க்கம் செய்வது இழிவு என்று சொல்கிறவர்கள் ஒரு ராத்திரி அங்கே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சரி, குறைக்கு வருகிறேன். இராமன். இந்தப் படத்து இராமன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கிற ஒரு வெறும் உருவம், அவ்வளவுதான். சீதைக்கு அவன் மேல் அவ்வளவு காதல் ஏன் என்று ஒரு காட்சியிலாவது காட்டியிருக்க வேண்டாமா? லவனும் குசனும் இராமன் புகழைப் பாடுகிற இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1963இல் வந்த ‘லவகுசா’வில் அந்தப் பிள்ளைகள் பாடும்போது நம் வீடுகளில் அழாதவர்கள் கிடையாது, ஏனென்றால் அப்பா நல்லவன் என்று அவர்கள் நம்பிப் பாடுகிறார்கள், அஞ்சலி தேவியின் முகத்தில் அத்தனையும் தெரியும். இங்கே அதே இடம் கிண்டல் பாட்டாகிவிட்டது, இராமனைக் குத்துவதற்காகவே எழுதிய வரிகள். அந்தக் குத்து போய் விழுவது சீதை மேல். ஒன்றுமில்லாத ஒருவனுக்காகவா இவ்வளவு நேரம் உருகினாள் என்று ஆகிவிடுகிறதே.

இராமனைக் கடுமையாகக் காட்டியதில் எனக்கு வருத்தமே இல்லை. மீட்சிப் படலத்தில் கம்பன் காட்டுகிற கடுமைக்கு முன்னால் இந்தப் படம் ஒன்றுமே இல்லை. ஒழுக்கம் பாழ்பட்ட பிறகும் சாகாமல் இருந்தாயே என்று சீதையின் முகத்துக்கு நேராகக் கேட்கிறான் இராமன். அதற்கு அவள், உத்தமனே, நீ மனதில் உணராததால் இத்தனை காலம் நான் காத்த கற்பும் தவமும் பித்துக்குளித்தனமாகிவிட்டதே என்கிறாள். அது ஏன் நெஞ்சை அறுக்கிறது? அதற்கு முன்னால் சில ஆயிரம் பாட்டுகளில் கம்பன் நம்மையே அந்த இராமனிடம் மயங்க வைத்திருக்கிறான். இந்தப் படம் அந்த வேலையைச் செய்யாமல் நேராகத் தண்டனைக்கு வந்துவிட்டது. கணவர் காரணம் சொல்லாமல் விலகிப்போனார் என்கிற நீனாவின் சொந்தக் கதையிலும் இதே ஓட்டைதான், அந்த மனிதரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

சீதையைக் காட்டுக்கு அனுப்புகிற உத்தரகாண்டமே கம்பன் பாடாதது, பட்டாபிஷேகத்தோடு கதை முடிந்தது, எனவே இந்தப் படம் செல்லாது என்று ஒரு நண்பர் வாதாடினார். அவர் வீட்டிலும் லவகுசா பார்த்துத்தான் வளர்ந்தார்கள். விட்டுவிடுவோம்.

தவறவிடக் கூடாத ஓர் இடம் அக்கினிப் பரீட்சை நடனம். ரீனா ஷா ஆடியதைப் படம்பிடித்து அதன்மேல் கோடு கோடாக வரைந்திருக்கிறார்கள், பாடியதும் அவர்தான், இசை டாட் மைக்கேல்சன். அதுவரை வட்டம் வட்டமாகப் பொம்மை மாதிரி இருந்த சீதை போய், நெருப்போடு நெருப்பாக ஒரு பெண் உடம்பு திமிறுகிறது. கேலி துளியும் இல்லை. இந்தப் படம் சீதையை இழிவுபடுத்துகிறது என்கிறவர்களில் எத்தனை பேர் இந்த இடம் வரை பார்த்தார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. கடைசியில் திருமால் உட்கார்ந்து லட்சுமிக்குக் கால் பிடித்துவிடுவார், அதற்கும் சிலருக்குக் கோபம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

குழந்தைகளுக்கு இராமாயணம் சொல்லிக்கொடுக்கக் கார்ட்டூன் தேடுகிறவர்கள் இதை எடுக்க வேண்டாம், ரத்தமும் உண்டு, உடம்பை வரைந்த விதமும் பெரியவர்களுக்கானது. அதற்கு ஜப்பானியர் யூகோ சாகோவும் நம்மூர் ராம் மோகனும் சேர்ந்து எடுத்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ என்கிற பழைய படம் இருக்கிறது, 2025 ஜனவரியில் தமிழிலும் தியேட்டருக்கு வந்தது.

சீதா சிங்ஸ் தி ப்ளூஸ் பார்க்கக் காசு வேண்டாம். அந்தப் பழைய பாடல்களின் வரிகளுக்கும் மெட்டுக்கும் உரிமை வைத்திருந்த நிறுவனங்கள் முதலில் கேட்டது சுமார் 2,20,000 டாலர், பேசிப் பேசி 50,000 வரை இறங்கியது, நீனா கடன் வாங்கிக் கட்டினார். கட்டிவிட்டுப் படத்தை இணையத்தில் இலவசமாக விட்டார், 2013இல் மிச்சமிருந்த உரிமையையும் கைவிட்டுவிட்டார். யார் வேண்டுமானாலும் இறக்கலாம், ஊர் மன்றத்தில் திரை கட்டிப் போடலாம், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. தனியாகப் பார்க்காதீர்கள், சண்டை போடுகிற சொந்தக்காரர்கள் நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு பாருங்கள். நடுவில் நம்மூர் தியேட்டர் மாதிரியே ஓர் இடைவேளை வரும், அதை ஓட்டிவிடாமல் காபி போட வைத்துக்கொள்ளுங்கள்.