பழைய துணியில் கைத்தையல் பேனல்: காந்தாவா, கவந்தியா, தேர்ச்சீலை வேலையா?

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் எந்த வீட்டுப் பீரோவைத் திறந்தாலும் மூன்று வகைப் பழந்துணி கிடைக்கும். உடுத்தி நைந்த பருத்திப் புடவை, வேட்டி. வெற்றிலை பாக்கோடு வந்த பிளவுஸ் பிட்டுகளும் தையல்காரர் திருப்பித் தந்த வெட்டுத்துணியும். அப்புறம், மடிப்போடு மடிப்பாகக் கிழிந்துபோன பட்டு. இவற்றைக் கையால் தைத்து ஒரே துணிப்பரப்பாக, அதாவது பேனலாக்கி, பை, தலையணை உறை, வாசல் தொங்கல் என்று எதையாவது செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் பார்ப்பது படத்தில் எது அழகாக இருக்கிறது என்பதைத்தான். நான் முதலில் துணியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். முறையை அந்தத் துணியே சொல்லிவிடும்.

நைந்த பருத்திக்குக் காந்தாவை மிஞ்ச ஒன்றும் இல்லை. மேற்கு வங்கத்திலும் வங்காளதேசத்திலும் பழைய புடவை, வேட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, முழுப்பரப்பிலும் ஓட்டுத்தையல் (ஊசி மேலும் கீழுமாக நேராக ஓடுகிற தையல்) போட்டுச் செய்வது. அந்தக் காலத்தில் தைக்கிற நூலைக்கூடப் பழைய புடவைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். துணி மெல்லிசாக இருப்பதால் ஊசியைத் துணியிலேயே வைத்துக்கொண்டு நாலைந்து தையலைக் கோத்து ஒரே இழுப்பில் இழுத்துவிடலாம். புதுப் பாப்ளினில் இதைச் செய்து பாருங்கள், விரல் வலிக்கும். இழுத்த நூலுக்குப் பக்கத்தில் துணி லேசாகச் சுருங்கி, சின்னச் சின்ன அலையாக எழும்பும். காந்தாவின் அழகே அந்தச் சுருக்கம்தான். அதனால்தான் 18 அங்குல உறை வேண்டுமென்றால் 20 அங்குலமாவது வெட்டிக்கொள்ள வேண்டும்.

அடுக்குகள் நகராமல் இருக்க முதலில் பெரிய பெரிய தையலாகக் கச்சா போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்துப் போக வேண்டும். ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் துணி பொம்மென்று உப்பிக்கொள்ளும். நம் பக்கத்துக்கு ஒரு வசதி உண்டு: கூறைநாட்டுப் புடவை மாதிரி கட்டம் போட்டது கையில் இருந்தால் கோடு கிழிக்கவே வேண்டாம், கட்டத்தின் மேலேயே ஊசி ஓடும். 5.5 மீட்டர் புடவையில் முந்தானையும் இடுப்பில் செருகுகிற உள்சுற்றும் பெரும்பாலும் தேறும். உட்கார்ந்து எழுந்து தேய்ந்த பின்பகுதியையும் தரையில் உரசிய கீழோரத்தையும் உள் அடுக்குக்குத் தள்ளிவிடலாம்.

எத்தனை அடுக்கு என்பதில்தான் நம் ஊர் வானிலை குறுக்கே வருகிறது. வங்காளத்துக் குளிருக்கு நாலைந்து அடுக்கு சரி. டெல்டாவில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கனமான விரிப்பைத் துவைத்துப் போட்டால் நாள்கணக்கில் ஈரம் போகாது, முடைநாற்றம் வேறு. குழந்தைக்குப் படுக்கைத் துணி என்றால் பழைய வேட்டி இரண்டு அடுக்கே போதும். தூளிக்குப் பழைய புடவையைத் தேடி எடுக்கிற வீட்டுக்கு அதற்கான காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

வெட்டுத்துணி மூட்டை வைத்திருப்பவர் காந்தா பக்கம் போகவே வேண்டாம். அவருக்குக் கவந்தி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் ஆப்பிரிக்க வம்சாவளி சித்தி இனப் பெண்கள் தைக்கிற போர்வை இது. துண்டுகளை முன்கூட்டியே இணைத்துக்கொள்கிற வேலையே இதில் இல்லை. அடித்துணியை விரித்து, ஒரு மூலையில் துண்டை வைத்து, விளிம்பை உள்ளே மடித்து ஓட்டுத்தையல் போட வேண்டும். பக்கத்தில் அடுத்த துண்டு, அதன் ஓரம் முந்தையதை மூடுகிற மாதிரி. இப்படியே ஓரத்தைச் சுற்றிவந்து, சுற்றிச் சுற்றி உள்ளே போய் நடுவில் முடியும். அளவுகோல் வேண்டாம், தனியாகக் கரை கட்டவும் வேண்டாம். நான்கு மூலையிலும் சின்ன முக்கோண மடிப்புகளைப் பூ மாதிரி வைத்து முடிப்பது அவர்கள் வழக்கம்.

இதில் ஒரு தொல்லை. துண்டு ஏறும் இடங்களில் நாலைந்து மடிப்பு சேர்ந்துவிடும், ஊசி இறங்காது. மடிப்பைக் கால் அங்குலத்துக்குள் வைத்து, தடித்த துண்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைக்காமல் இருந்தால் சமாளிக்கலாம். பிளவுஸ் பிட்டில் பருத்தி டூ பை டூ என்றால் நகத்தால் கீறினாலே மடிப்பு நிற்கும். பாலியெஸ்டர் கலந்தது மடிக்க மடிக்க நிமிரும். நவராத்திரிக்கு நவராத்திரி வீடு வீடாகச் சுற்றிவருகிற பிட்டுகளில் பாதி இந்த ரகம்தான். அதை அடுத்த வீட்டுக்கே அனுப்பிவிடுங்கள், மரபு கெடாது.

அடித்துணிக்கு நான் சொல்வது பழைய பருத்திக் கைலி. நெருக்க நெசவு, இழுத்தாலும் விட்டுக்கொடுக்காது. இந்தப் பேனலில் செய்த தோள்பை தேங்காய் நாலைந்தைப் போட்டாலும் தாங்கும். காந்தா பேனலில் பை தைத்தால் கைப்பிடி இணைகிற இடத்தில் சீக்கிரமே கிழியும், உள்ளே கேன்வாஸ் கொடுத்தே ஆக வேண்டும்.

மூன்றாவது நம் ஊர்ச் சரக்கு. தேரில் தொங்குகிற தொம்பை, தேர்ச்சீலை, தோரணம் இவற்றில் இருக்கிற ஒட்டுவேலை. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்று பளிச்சென்ற துணியில் யாளி, அன்னம், தாமரை வெட்டி இன்னொரு துணிமேல் வைத்துத் தைப்பது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்ட வேண்டும் என்றால் உருவம் பெரிதாகவும் நிறம் எதிரெதிராகவும் இருக்கத்தானே வேண்டும்? வீட்டுப் பேனலுக்கும் அதே கணக்குதான். வெளிறிய புடவையில் தாமரை வெட்டினால் எடுபடாது.

நேரம் குறைவாக எடுப்பதும் இதுதான், காரணம் பரப்பு முழுக்கத் தைக்க வேண்டியதில்லை. ஆனால் ஓர வேலை நிதானம் கேட்கும். இதழின் உள்வளைவில் கத்தரியால் சின்னதாக வெட்டுக் கொடுத்து, ஊசி முனையாலேயே ஓரத்தை உள்ளே தள்ளி, எம்மிங் போட வேண்டும். வாசல் தொங்கலுக்கும் கொலுப்படி முகப்புக்கும் பிரமாதம். அடிக்கடி துவைக்கிற எதற்கும் இது வேண்டாம்: ஓரம் பிரியும், சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கும். வெட்டுவதற்கு முன்பே ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்துவிடுவது நல்லது.

தையல் மெஷினில் கோடு கோடாக ஓட்டிவிடலாமே என்பார்கள். ஓட்டலாம், உறுதியாகவும் இருக்கும். நைந்த துணியில் மட்டும் மெஷின் ஊசி வரிசையாக ஓட்டை போட்டு, அந்தக் கோட்டிலேயே கிழித்துவிடும்.

கிழிந்த பட்டு மிச்சம். அடுக்கி ஓட்டுத்தையல் போட்டால் மடிப்புக் கோடுகளில் மேலும் விண்டுபோகும், அதனால் காந்தா கிடையாது. பின்னால் மெல்லிய பருத்தி கொடுத்து, நல்ல பகுதியை மட்டும் ஒட்டுவேலைக்கு உருவமாக வெட்டலாம். ஆனால் பழைய திருபுவனம் பட்டு என்றால் ஜரிகைக் கரையில் கத்தரி வைப்பதற்கு முன் பழம்பட்டு எடுக்கிறவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வெள்ளி ஜரிகையாக இருந்தால் கரைக்குக் கிடைக்கிற காசில் புதுப் பருத்திப் புடவையே வாங்கிவிடலாம்.