போர்தோவா, பர்கண்டியா? காரில்லாமல் ஒயின் நாட்டைச் சுற்ற விரும்புவோருக்கு

ஒயினுக்காகவே ஒரு முறை பிரான்சுக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டால், போர்தோ, பர்கண்டி என்ற இரண்டு பெயர்களுக்கு நடுவில்தான் பெரும்பாலும் மனம் ஊசலாடும். இரண்டையும் பார்த்தவன் என்ற முறையில் நான் பர்கண்டியின் பக்கமே சாய்கிறேன். ஒயினின் தரத்தை வைத்து இதைச் சொல்லவில்லை. அந்த வழக்கு எந்தக் காலத்திலும் தீரப்போவதில்லை. சுவைத்துப் பார்த்தபின் அடுத்த தோட்டத்துக்கு எப்படிப் போவது என்ற ஒரே கேள்விதான் எனக்கு இதைத் தீர்மானித்துக் கொடுத்தது.

விசா, விமானக் கட்டணம் போன்றவற்றில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் போர்தோவுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலும், பர்கண்டியின் தலைவாசலான திஜோனுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேலும் ஆகும். நகரம் என்று பார்த்தால் போர்தோவே மேல்: ஆற்றங்கரையை ஒட்டிய பழைய நகரப் பகுதி 2007-இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. 2016-இல் திறக்கப்பட்ட ஒயின் அருங்காட்சியகத்தின் உச்சித் தளத்தில் ஒரு கோப்பை ஒயினுடன் நகரம் முழுவதையும் பார்க்கலாம்.

சிக்கல் நகரத்தைவிட்டு வெளியே வந்ததும் தொடங்குகிறது. பர்கண்டியைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு திராட்சைப் பரப்பு கொண்ட போர்தோவில், புகழ்பெற்ற ஒயின் ஊரான போயாக் வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவிலும், மெர்லோ திராட்சைக்குப் பேர்போன சான்-எமிலியோன் கிழக்கே 40 கிலோமீட்டர் தொலைவிலும் இருப்பதால், இரண்டையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவருக்குக் கார் இல்லாமல் கதியில்லை. இரண்டுக்குமே ரயில் உண்டு. சான்-எமிலியோனில் நிலையத்திலிருந்து ஊருக்கு நடந்துகூடப் போய்விடலாம். அதை மட்டும் தனியாக ஒரு நாள் பார்ப்பவருக்குக் குறையொன்றும் இராது. ஆனால் போயாக் இருக்கும் மெதோக் பகுதியில் நிலையம் ஓரிடம், மாளிகைகள் (ஷாத்தோ எனப்படும் ஒயின் பண்ணைகள்) வேறிடம். அதற்கு மேல், பெரிய மாளிகைகள் முன்பதிவு இல்லாதவரை உள்ளே விடுவதில்லை. பதிவு செய்த நேரத்துக்குப் போய்ச் சேர்வதே ஒரு தனி வேலையாகிவிடுகிறது.

கார் எடுத்தால் யார் ஓட்டுவது? பிரான்சில் ஒரு லிட்டர் இரத்தத்தில் 0.5 கிராம் ஆல்கஹால் வரை அனுமதி. நம் ஊரின் 0.3 கிராமோடு ஒப்பிட்டால் தாராளமாகத் தோன்றினாலும், மூன்று இடங்களில் நான்கைந்து வகையைச் சுவைத்தவர் அதை எளிதில் தாண்டிவிடக்கூடும். துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என்றாலும் இவ்வளவு தூரம் வந்தவர் நல்ல ஒயினை நாள் முழுவதும் துப்பிக்கொண்டிருப்பார் என்று நான் நம்பவில்லை. சுற்றுலா வேன்கள் உண்டு. அவற்றில் போனால் எந்தத் தோட்டத்தில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது நம் கையில் இராது.

பர்கண்டியில் இந்தக் கவலையே எழுவதில்லை. திஜோனுக்கும், அங்குள்ள ஒயின் நகரமான போன் (Beaune) நகருக்கும் இடையே ரயிலில் சுமார் 20 நிமிடம். நின்று போகும் வண்டியில் ஏறினால் வழியிலேயே ஜெவ்ரே-ஷாம்பெர்தான், வூஜோ, நுயி-சான்-ஜோர்ஜ் நிலையங்கள் வந்துவிடும். போன் நகரிலிருந்து தெற்கே சாந்தெனே வரை, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு, திராட்சைத் தோட்டங்களின் ஊடாகவே சைக்கிள் பாதை போகிறது. பொமார், வொல்னே, மெர்சோ, புலின்யி என்று ஊர்கள் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஒன்றாக வரும். பொமாரில் பினோ நுவார் என்ற கருந்திராட்சையின் திண்மையான ஒயினைச் சுவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மிதித்தால் வொல்னே. திராட்சை வகை அதேதான், ஆனால் அங்கே ஒயின் மென்மையாகிவிடுகிறது. முதல் ஊரின் சுவை நாக்கில் இருக்கும்போதே இரண்டாவதைக் குடிக்க முடிவதால்தான் அந்த வேறுபாடு பிடிபடுகிறது. (சைக்கிள் ஓட்டுபவருக்கும் நிதானம் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.)

இன்னொரு காரணமும் இதிலிருந்தே பிறக்கிறது. போர்தோவின் 1855-ஆம் ஆண்டுத் தரவரிசை மாளிகைகளுக்குக் கொடுக்கப்பட்டது. 1973-இல் மூத்தோன்-ரோட்ஷில்ட் என்ற மாளிகை முதல் தரத்துக்கு உயர்ந்ததைத் தவிர அது பெரும்பாலும் அப்படியே நிற்கிறது. பர்கண்டியில் தரம் நிலத்துக்கு உரியது. சரிவின் உச்சியில் காடு, நடுச்சரிவில் உயர்தர வயல்கள், கீழே தாழ்ந்தபடி போகப் போக ஊர்ப் பெயர் மட்டும் தாங்கிய ஒயின்கள், பிரதான சாலைக்கு அப்பால் பெரும்பாலும் சாதாரணப் பர்கண்டி என்ற அடுக்கை, சரிவில் ஏறி நடப்பவர் கால் வலியிலேயே உணர்ந்துகொள்வார். வோன்-ரோமனே என்ற ஊரில் உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்றைத் தரும் ரோமனே-கோந்தி வயல் வெறும் 1.81 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ நாலரை ஏக்கர். தாழ்ந்த கல் சுவர், ஒரு கற்சிலுவை, உள்ளே இறங்க வேண்டாம் என்ற அறிவிப்பு, இவ்வளவுதான். மாளிகையும் இல்லை, வாயிற்காவலரும் இல்லை.

பர்கண்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். விலை கடுமை. புகழ்பெற்ற ஊர்ப் பெயர் கொண்ட புட்டிகள் போர்தோவின் நல்ல நடுத்தர ஒயின்களைவிடக் கூடுதலாகவே இருக்கும். சிறு உற்பத்தியாளர்களிடம் இங்கும் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அறுவடைக் காலத்தில் பலர் பார்வையாளர்களை ஏற்பதில்லை. இடம் கிடைக்காவிட்டால், போன் நகரின் அடியிலேயே இருக்கும் வணிக நிறுவனங்களின் நிலவறைகள் கைகொடுக்கும். சைவ உணவுக்காரர்களுக்கு மாட்டிறைச்சியும் நத்தையும் நிறைந்த உணவுப் பட்டியல் சோதனைதான். முட்டை சாப்பிடுபவர் என்றால், பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட கூஜேர் என்னும் சிற்றுணவு ஓரளவு காப்பாற்றும். 1859 முதல் நடைபெறும் போன் மருத்துவமனை ஒயின் ஏலம் நவம்பர் மூன்றாம் ஞாயிறன்று வரும். அந்தக் கூட்டத்தில் ஊர் எப்படியிருக்கும் என்று நான் பார்த்ததில்லை. தங்குமிடத்தை வெகுமுன்பே பிடித்துவிடுவது நல்லது.

போர்தோவை யார் தேர்ந்தெடுக்கலாம்? குடிக்காத ஒருவர் மகிழ்ச்சியோடு கார் ஓட்ட முன்வரும் குடும்பம், மாலையில் நகர வாழ்க்கையை விரும்புபவர்கள், இனிப்பு ஒயினுக்காக சோத்தேர்ன் வரை போக நினைப்பவர்கள். சோத்தேர்னுக்கு நான் போகவில்லை. ஆகவே அந்தத் தட்டில் என் எடைக்கல் இல்லை. இந்தியா திரும்பும்போது ஒருவருக்குச் சுங்க வரியில்லாமல் இரண்டு லிட்டர் மது அனுமதி என்பதால், வழக்கமான 750 மில்லி அளவில் இரண்டு புட்டிகள் கொண்டுவரலாம். பர்கண்டிக்குப் போனவர் அந்த இரண்டையும் அடுத்தடுத்த ஊர்களிலிருந்து, ஒரே ஆண்டு அறுவடையில் தேர்ந்தெடுத்தால், வீட்டில் ஒரே மாலையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுவைத்துப் பார்க்கலாம்.