சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7: தீம் பார்க்குக்கு எடுத்துப் போகலாமா?

“லீவுல குடும்பத்தோட சிங்கப்பூர் போறோம், ஒரு நாள் முழுக்க யுனிவர்சல் ஸ்டுடியோஸ். ஆர்எக்ஸ்100 மார்க் 7 பழசு ஒண்ணு நல்ல விலைக்கு வருது, வாங்கலாமா?” என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாத கேமரா இது. 2019-ல் வந்த மாடல், 302 கிராம், ஒரு அங்குல சென்சார், 24-200 மி.மீ. ஜூம் என்பதெல்லாம் அவருக்கே தெரியும். அதனால் வெயிலிலும் கூட்டத்திலும் நாள் முழுக்க வைத்திருந்தால் மட்டும் தெரிகிற விஷயங்களுக்கு நேராகப் போகிறேன்.

முதலில் அந்தக் குட்டி ஃப்ளாஷ். இதை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. தீம் பார்க்கில் இந்த கேமராவின் ஆகப் பெரிய பலமே அதுதான் என்பது என் கருத்து. சிங்கப்பூர் பூமத்திய ரேகையை ஒட்டிய ஊர். நண்பகலில் வெயில் நேராக உச்சந்தலையில் இறங்கும். தொப்பி போட்ட குழந்தையின் கண்கள் இரண்டும் கருத்துப்போய், பின்னால் கோட்டையும் வானமும் மட்டும் பளிச்சென்று இருக்கும். போன் அந்த முகத்தைச் செயற்கையாக வெளுப்பாக்கிக் கொடுக்கும். கண்ணில் ஒளிப்புள்ளி வராது.

இந்த கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் 1/2000 நொடி வரை ஃப்ளாஷ் அதனுடன் சேர்ந்து வேலை செய்யும். கொளுத்துகிற வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்வு) 100, லென்ஸ் திறப்பு எஃப் 4 (எண் கூடினால் திறப்பு சிறிது) என்று வைத்தால் ஷட்டர் வேகம் 1/1600 பக்கம் வரும். அந்த வேகத்திலும் ஃப்ளாஷ் ஒழுங்காக அடிக்கும். லென்ஸ் மாற்றுகிற கேமராக்களில் சாதாரணமாக 1/200, 1/250-க்கு மேல் ஃப்ளாஷ் ஒத்துவராது. அவற்றில் எஃப் 11 வரை மூட வேண்டியிருக்கும். அவ்வளவு மூடினால் சின்ன ஃப்ளாஷின் வெளிச்சம் முகத்தில் தெரியவே தெரியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஃப்ளாஷைத் திறந்து, ஃப்ளாஷ் மோடை ‘ஃபில்-ஃப்ளாஷ்’ ஆக்குங்கள். ஜூம் 35-லிருந்து 50 மி.மீ.க்குள் இருக்கட்டும், 24-ல் வைத்துக் கிட்டே போனால் ஓரத்தில் நிற்பவர் முகம் இழுபடும். ஆள் ஒன்றரை மீட்டருக்குள் நிற்க வேண்டும், அதற்கு மேல் வெயிலை எதிர்த்து இந்த ஃப்ளாஷ் ஜெயிக்காது. திரையை மேல்நோக்கிச் சாய்த்து, கேமராவைக் குழந்தையின் கண் உயரத்துக்கு இறக்குங்கள். அப்போதுதான் வெளிச்சம் தொப்பி விளிம்புக்கு அடியில் போகும். ஃப்ளாஷ் அடிக்கவே இல்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஷட்டர் டைப் ‘எலக்ட்ரானிக்’கில் இருக்கும். அதை ‘மெக்கானிக்கல்’ ஆக்கினால் சரியாகிவிடும். இருட்டு ரைடுகளிலும் அரங்கக் காட்சிகளிலும் ஃப்ளாஷ் கூடாது என்பதால் உள்ளே நுழையும்போதே அதை அழுத்தி மூடிவிடுங்கள்.

அடுத்து 200 மி.மீ. ஜூம். குழந்தைகளோடு போகிறவர்களுக்குத்தான் இதன் அருமை புரியும். பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டரில் ஏற 125 செ.மீ. உயரம் வேண்டும், ஜுராசிக் பார்க் ரேபிட்ஸுக்கு 107 செ.மீ. ஆக வீட்டில் யாராவது ஒருவர் சின்னவனோடு கீழே நின்றே ஆக வேண்டும். கையில் கேமரா இருக்கப்போவதும் அவரிடம்தான், ஏனென்றால் கோஸ்டரில் ஏறுபவர் பாக்கெட்டைக் காலி செய்து லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக முடியும். கீழே நிற்பவருக்கு ஜூம் இல்லாத கேமரா கொடுத்தால் வானத்தில் எறும்பு போனதைத்தான் எடுத்து வருவார். இதில் 200 வரை இழுத்து, திரையில் முகத்தைத் தொட்டுவிட்டால் ஃபோகஸ் அந்த முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு போகும். ஐஎஸ்ஓ ஆட்டோவில் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/1000 வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 20 படம் வேண்டாம், நடு வேகம் போதும். இல்லாவிட்டால் ராத்திரி அறையில் உட்கார்ந்து ஒரே மாதிரி படங்களை அழித்துக்கொண்டிருக்க வேண்டும். வாட்டர்வேர்ல்ட் காட்சிக்கும் இதே கதைதான். முன் வரிசையில் தண்ணீரை வாரி இறைப்பார்கள், இந்த கேமராவோ தண்ணீர் தாங்காது. பின் வரிசையில் உட்கார்ந்து 200-ல் எடுத்தால் எல்லாமே கிடைக்கும்.

இவ்வளவு நல்ல கேமராவுக்கு இப்படி ஒரு பேட்டரியை யார் போட்டார்கள்?

என்பி-பிஎக்ஸ்1, 1240 எம்ஏஎச். கணக்குப்படி ஒரு சார்ஜுக்கு 260 படம் என்கிறார்கள். வெயிலில் திரை வெளிச்சத்தை ஏற்றி வைத்து, நடுவே 4கே வீடியோ எடுத்து, ஃப்ளாஷும் அடித்தால் மதிய சாப்பாட்டுக்கு முன்பே முதல் பேட்டரி படுத்துவிடும். சரி, சின்ன உடம்பில் பெரிய பேட்டரி வைக்க முடியாது, அதைக்கூட மன்னிக்கலாம். மன்னிக்க முடியாதது சார்ஜ் செய்யும் துளை. மைக்ரோ யூஎஸ்பி! குடும்பத்தில் எல்லார் போனுக்கும் ஒரு வயர், இந்த ஒரு கேமராவுக்கு மட்டும் தனி வயர். அதை மறந்துவிட்டுப் போனால் அன்றைய நாள் அவ்வளவுதான். சார்ஜ் ஏற இரண்டரை மணி நேரம் ஆகும். கேமரா அணைந்திருந்தால்தான் ஏறும், இயங்கும்போது பவர் பேங்க் மின்சாரம் கொடுக்குமே தவிர பேட்டரியை நிரப்பாது. பெட்டியில் தனி சார்ஜரும் கிடையாது. ‘அந்தக் காலத்தில் எல்லாமே அப்படித்தான்’ என்று சமாதானம் சொல்லவும் முடியாது. அதே 2019-ல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-ல் யூஎஸ்பி-சி இருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் அந்தக் கேனானுக்குக் கணக்கு 235 படம்தான், இதைவிடக் குறைவு. யூஎஸ்பி பவர் டெலிவரி (பிடி) வகை சார்ஜர் இல்லாவிட்டால் அது சார்ஜும் ஏறாது. அதெல்லாம் தெரிந்தும் என் கோபம் தணியவில்லை. தேவைப்படும்போது பையில் ஏற்கெனவே இருக்கிற வயரைச் செருக முடிகிறதே, அந்த நிம்மதிக்கு விலை இல்லை.

வாங்கிவிட்டீர்கள் என்றால் வேறு வழியில்லை, இரண்டு உபரி பேட்டரியும் இரட்டை சார்ஜரும் கட்டாயம். வேறு கம்பெனிகளின் மலிவான பேட்டரிகளில் சில உப்பிக்கொண்டு கேமராவின் பேட்டரி அறைக்குள் சிக்கும். செருகும்போது இறுக்கமாகத் தெரிந்தால் அதோடு விட்டுவிடுங்கள். விமானத்தில் உபரி பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், முனைகள் உரசாதபடி உறையில் போட்டு. பிறகு மெனுவுக்குள் போய் நான்கு மாற்றம். ‘ப்ரீ-ஏஎஃப்’ அணைக்க வேண்டும், அது நீங்கள் பட்டனைத் தொடாதபோதும் லென்ஸை ஓட்டிக்கொண்டே இருக்கும். ‘ஏர்பிளேன் மோட்’ போட வேண்டும், போனோடு இணைந்த ப்ளூடூத் சத்தமில்லாமல் சார்ஜை உறிஞ்சும். பவர் சேவ் ஒரு நிமிடம். ‘வியூஃபைண்டரை (மேலே எழும்பும், கண் வைத்துப் பார்க்கிற ஜன்னல்) மூடினால் அணைந்துவிடு’ என்ற அமைப்பை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு முறையும் லென்ஸ் உள்ளே போய் வெளியே வரும், அதற்கும் சார்ஜ்தான் செலவு. வெயிலில் திரைக்குப் பதில் வியூஃபைண்டரில் பார்த்து எடுக்கப் பழகினால் திரை வெளிச்சத்தை ஏற்ற வேண்டிய அவசியமே வராது.

4கே வீடியோ ஆரம்ப அமைப்பில் சுமார் 5 நிமிடத்தில் நின்றுவிடும், சூடுதான் காரணம். ‘ஆட்டோ பவர் ஆஃப் டெம்ப்’ என்பதை ‘ஹை’ ஆக்கினால் நீளும், ஆனால் கையில் சூடு தெரியும். ஊர்வலம், நடனம் இவற்றுக்கு முழு எச்டியே போதும்.

இருட்டில்? எஃப் 2.8-லேயே ஆரம்பிக்கிற லென்ஸ், 100 மி.மீ. தாண்டும்போது 4.5-க்கு வந்துவிடுகிறது. வெயிலில் இது ஒரு குறையே இல்லை. மாலை விளக்கு போட்ட பிறகு கேனானின் எஃப் 1.8, 24 மி.மீ.யில் இதைவிட இரண்டரை மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். இது ஐஎஸ்ஓ 6400-ல் திணறுகிற இடத்தில் அது 2500-ல் எடுத்துவிடும். ஆகவே மாலையில் ஜூமைத் தொடாதீர்கள், 24-லேயே வைத்து நடந்து கிட்டே போங்கள். இரவுப் படம்தான் முக்கியம் என்பவர்களுக்கு இந்த மாடல் பொருந்தாது.

வழுக்குகிற உடம்புக்கு ஒட்டுகிற பிடி ஒன்று சோனியே விற்கிறது, ஏஜி-ஆர்2. வியர்த்த கைக்கு அது அவசியம். மணிக்கட்டு வார் அதைவிட அவசியம்.

புதிதாகப் போகிறவர்களைத் திகைக்க வைப்பது பனிமூட்டம். ஓட்டல் அறை ஏசியில் 22 டிகிரியில் கிடந்த கேமராவை வெளியே 31 டிகிரியில், அதுவும் சிங்கப்பூரின் ஈரக் காற்றில் திறந்தால் லென்ஸ் மேல் நொடியில் பால்போல் மூடிக்கொள்ளும். அங்கே காற்றின் பனிநிலை 24-25 டிகிரி, அதைவிடக் குளிர்ந்த கண்ணாடி எதுவாக இருந்தாலும் நீர் படியும். துடைத்தால் திரும்பப் படியும், துணியில் இருக்கிற தூசி கண்ணாடியைக் கீறும். லென்ஸை உள்ளே வெளியே ஓட்டினால் ஈரக் காற்று உள்ளேயும் போகும், அது இன்னும் மோசம். அறையிலிருந்து கிளம்பும் முன்பே ஜிப் பையில் போட்டுக் காற்றை அமுக்கி மூடுங்கள். வெளியே வந்த பிறகும் அரை மணி நேரம் பையைத் திறக்க வேண்டாம். நீர் பையின் வெளிப்பக்கம் படியும், கேமரா மெல்லச் சூடாகிவிடும். பார்க் இருக்கிற சென்டோசா தீவுக்குப் போகும் சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயிலிலும் ஏசிதான், எனவே இறங்கியவுடன் நுழைவாயிலில் சுழலும் அந்த உலக உருண்டையை எடுக்க அவசரப்படாதீர்கள். அங்கே தண்ணீர்ப் புகையும் வரும், பையைக் கொஞ்சம் தள்ளி நின்று திறப்பது நல்லது.

சரி, வாங்கலாமா? முழு விலை கொடுத்துப் புதிதாக என்றால் வேண்டாம். இத்தனை புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரணாகத் தெரியலாம். அவ்வளவு பணம் வாங்கிக்கொண்டு மைக்ரோ யூஎஸ்பி கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. பழசு, நல்ல விலை என்றால் வாங்குங்கள், ஆனால் பார்த்து வாங்குங்கள். நீண்டு சுருங்குகிற லென்ஸ் உள்ள எந்தச் சின்ன கேமராவும் துருத்தி மாதிரி காற்றை இழுக்கும். பாக்கெட் பஞ்சும் கடற்கரை மணலும் அதோடு உள்ளே போகும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் ஊதித் துடைக்கவும் வழியில்லை. சர்வீஸில் முழுதாகப் பிரித்துத்தான் எடுப்பார்கள், அந்தச் செலவு நீங்கள் பேரம் பேசிக் குறைத்த பணத்தை விழுங்கிவிடும்.

விற்பவர் முன்னாலேயே சோதித்துவிடுங்கள். ஏ மோடில் (லென்ஸ் திறப்பை நாமே வைக்கிற மோட்) எஃப் 11, ஜூம் 200, கைமுறை ஃபோகஸில் படம் மங்கலாகத் தெரியும்படி வைத்து ஒரு வெள்ளைச் சுவரை எடுங்கள். படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தால் சாம்பல் நிறப் பொட்டுகள் தெரியும். ஒன்றிரண்டு மங்கலாக இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், வானத்தில் தெரிகிற அளவுக்கு அடர்த்தியாக இருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு வியூஃபைண்டரைப் பத்துமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள், காட்சி விட்டுவிட்டு வரக் கூடாது. லென்ஸ் வெளியே வரும்போது ‘கிர்’ரென்று மணல் அரைக்கிற ஓசை வந்தால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.