எஃப்-1 ஸ்டேட்டஸ் போனபின் மறுமணம்: அமெரிக்காவிலேயே ஐ-485 போடுவதா, மும்பை வழியா?

எஃப்-1 விசாவில் மாணவராக அமெரிக்கா வந்து, படிப்பு நின்றோ ஓ.பி.டி. எனும் படிப்பையொட்டிய வேலைப் பயிற்சிக் காலம் தீர்ந்தோ ஸ்டேட்டஸ், அதாவது சட்டப்படி தங்கும் தகுதி, போய்விட்டது. இடையில் விவாகரத்தும் மறுமணமும் ஆகிவிட்டன. இந்த நிலையில் கிரீன் கார்டுக்கு வழி இரண்டு. அங்கேயே இருந்துகொண்டு ஐ-485 என்ற கிரீன் கார்டு விண்ணப்பத்தைப் போடுவது ஒன்று. இந்தியா திரும்பி, மும்பைத் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா வாங்கி வருவது இன்னொன்று. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் தேதியை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். அது நாட்டுக்குள் நுழைய மட்டும்தான். பார்க்க வேண்டியவை உங்கள் ஐ-94-உம் (நுழைந்ததையும் எதுவரை தங்கலாம் என்பதையும் காட்டும் பதிவு), மணந்துகொண்டவர் சிட்டிசனா கிரீன் கார்டுக்காரரா என்பதும்.

சிட்டிசனை மணந்திருந்தால் பெரும்பாலும் உள்ளேயே இருப்பதுதான் மேல். முறையாகப் பரிசோதிக்கப்பட்டு நுழைந்தவர் என்றால், ஸ்டேட்டஸ் தவறியதும் அனுமதியின்றி வேலை செய்ததும் சிட்டிசனின் கணவன் அல்லது மனைவியின் ஐ-485-க்குத் தடையாக நிற்பதில்லை. துணை உங்களுக்காகப் போடும் உறவு மனுவான ஐ-130-ஐயும் ஐ-485-ஐயும் ஒரே உறையில் அனுப்பலாம். மருத்துவப் படிவமான ஐ-693-ஐ 2024 டிசம்பர் 2 முதல் கூடவே வைத்தாக வேண்டும். பிறகு தருகிறேன் என்றால் மொத்தக் கட்டையும் திருப்பி அனுப்பிவிட முடியும்.

கிரீன் கார்டுக்காரரை மணந்திருந்தால் கணக்கே தலைகீழ். இந்த மன்னிப்பு அவருடைய துணைக்குக் கிடையாது. ஸ்டேட்டஸ் போனவர் உள்ளிருந்து ஐ-485 போட்டால் மறுப்புதான் வரும். 2001 ஏப்ரல் 30-க்குள் மனு போடப்பட்டிருந்தவர்களுக்கான பழைய விதிவிலக்கு இன்றைய மாணவர்களுக்குப் பொருந்தாது. மிஞ்சுவது மும்பை, அல்லது துணை சிட்டிசன் ஆகும்வரை பொறுப்பது. சிட்டிசன் ஆனதும் பழைய ஐ-130 தானாகவே உயர்ந்துவிடும். ஆனால் அதுவரை வேலை அனுமதியும் இல்லை, நாடுகடத்தலிலிருந்து பாதுகாப்பும் இல்லை.

ஐ-94-இல் என்ன எழுதியிருக்கிறது?

'போனால் பத்து வருஷம் திரும்ப முடியாது' என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. சட்டவிரோதத் தங்கல் 180 நாளைத் தாண்டி ஓராண்டுக்குள் இருந்து வெளியேறினால் 3 ஆண்டுத் தடை; ஓராண்டோ அதற்கு மேலோ என்றால் 10 ஆண்டு. ஐ-94-இல் தேதிக்குப் பதில் 'டி/எஸ்' (ஸ்டேட்டஸ் இருக்கும்வரை தங்கலாம் என்பதன் சுருக்கம்) என்று இருந்தால் வகுப்பை விட்ட நாளிலிருந்து அந்தக் கணக்கு ஓடாது. ஏதாவதொரு மனுவைத் தீர்க்கையில் ஸ்டேட்டஸ் மீறல் என்று குடியேற்ற மனுக்களைத் தீர்க்கும் அரசுத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ். முறையாக முடிவு செய்தாலோ, குடிவரவு நீதிபதி உத்தரவிட்டாலோதான் மறுநாளிலிருந்து ஓடும். இத்தகைய முடிவு எதுவும் இல்லாத கிரீன் கார்டுக்காரரின் துணைக்கு மும்பை அவ்வளவு பயங்கரமான வழியல்ல. மாட்டிக்கொள்பவர்கள் வேறு: ரீஇன்ஸ்டேட்மென்ட் (போன மாணவர் ஸ்டேட்டஸைத் திரும்பத் தருவது) கேட்டு மறுக்கப்பட்டவர்கள், நுழையும்போது காகிதக் குறைக்காக ஐ-515ஏ நோட்டீஸ் கொடுத்து குறுகிய காலத் தேதி போடப்பட்டவர்கள், இடையில் வேறு விசா வகைக்கு மாறி ஐ-94-இல் தேதி வாங்கியவர்கள். இவர்களில் தடைக்குள் வருபவர்கள் கிளம்பும் முன் ஐ-601ஏ விலக்கு வாங்க வேண்டும். அதற்குத் துணைக்கோ பெற்றோருக்கோ கடும் இன்னல் நேரும் என்று காட்ட வேண்டும். அந்தத் துணையோ பெற்றோரோ சிட்டிசனாகவோ கிரீன் கார்டுக்காரராகவோ இருக்க வேண்டும். பிள்ளைகள் படும் துன்பம் தனியாக எண்ணப்படாது. முடிவு வர ஆண்டுக்கணக்கில் ஆகிறது.

எந்த வழியானாலும் வேலைக்குச் சேரும்போது ஐ-9 படிவத்தில் 'சிட்டிசன்' கட்டத்தில் டிக் போட்டவருக்குக் கதவு அடைபடும். இந்தக் குற்றத்துக்குப் பொதுவாக விலக்கே இல்லை.

பழைய கல்யாணத்தின் காகிதங்கள்

மறுமண வழக்குகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான். இருவரின் எல்லா முந்தைய திருமணங்களுக்கும் நீதிமன்றத்தின் சான்றிட்ட தீர்ப்பு நகல் வேண்டும். தமிழில் இருந்தால் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிய விடுதலைப் பத்திரத்தை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்த வழக்கம் உங்கள் சமூகத்தில் சட்டப்படி செல்லும் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்தான் விழும். தேதிகளையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் எதிர்த்தரப்புக்கு மனு சேர்ந்து ஆறு மாதம் ஆகாமல் விவாகரத்து முழுமையாகாது. டெக்சஸில் தீர்ப்புக்குப் பின் 30 நாள் வேறொருவரை மணக்க முடியாது. இந்து திருமணச் சட்டத்தில் 90 நாள் மேல்முறையீட்டுக் காலம் உண்டு. முந்தைய திருமணம் முடியும் முன்பே தாலி கட்டியிருந்தால், ஐ-130-ஐத் தாங்கும் திருமணமே இல்லை. தீர்ப்பு உறுதியான பின் மறுபடி பதிவுசெய்து புதிதாக மனு போட வேண்டும்.

மாணவரின் துணையாக எஃப்-2-இல் வந்தவர்களுக்கு இன்னொரு சங்கடம்: விவாகரத்தோடு அவர்கள் ஸ்டேட்டஸும் போகிறது. முன்னாள் துணைக்காக ஐ-864 எனும் நிதிப் பொறுப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டவரை மணந்தால், விவாகரத்து அந்தப் பொறுப்பைத் தீர்க்காது. அந்த முன்னாள் துணை இன்னும் குடும்ப எண்ணிக்கையில் சேர்வார். வறுமைக்கோட்டின் 125 சதவீதம் என்ற வருமான வரம்பும் அதற்கேற்ப உயரும்.

செலவில் மும்பைதான் மலிவு. 2024 ஏப்ரல் 1 கட்டணப்படி காகிதத்தில் ஐ-130-க்கு 675 டாலர், ஐ-485-க்கு 1,440, வேலை அனுமதிக்கு 260, மொத்தம் 2,375. மும்பை வழியில் ஐ-130-க்கு 675, விசா விண்ணப்பத்துக்கு 325, ஐ-864 பரிசீலனைக்கு 120, யு.எஸ்.சி.ஐ.எஸ். குடியேற்றக் கட்டணம் 235 என 1,355 டாலர். மருத்துவப் பரிசோதனை இரண்டிலும் தனி. இந்த ஆயிரம் டாலர் வித்தியாசத்துக்காக மட்டும் யாரும் வழி மாற்ற வேண்டாம்; உள்ளே இருப்பவருக்குச் சில மாதங்களில் வரும் வேலை அனுமதியே அதை ஈடுகட்டிவிடும்.

உள்ளே இருப்பதிலும் ஆபத்து உண்டு. 2025 முதல் மறுக்கப்படும் மனுதாரர் ஸ்டேட்டஸ் இல்லாதவர் என்றால் நாடுகடத்தல் நோட்டீஸ் அனுப்பும் கொள்கை நடப்பில் உள்ளது. ஐ-130 அங்கீகாரம் மட்டும் எந்தக் கவசமும் அல்ல. ஐ-485 நிலுவையில் இருக்கும்போது அட்வான்ஸ் பரோல் எனும் முன்கூட்டிய பயண அனுமதி இல்லாமல் ஊருக்குப் போனால், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாலும், விண்ணப்பம் கைவிட்டதாகிவிடும்.

முதல் திருமணத்துக் குழந்தை கூட இருந்தால் இன்னொரு கணக்கு. சிட்டிசன் வழியில் குழந்தை உங்கள் மனுவோடு தொற்றிக்கொள்ளாது. புதுத் துணை தனியாக ஒரு ஐ-130 போட வேண்டும், அதுவும் குழந்தைக்கு 18 வயது ஆகுமுன் திருமணம் நடந்திருந்தால்தான். கார்டு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டாண்டு ஆகவில்லை என்றால் வருவது இரண்டாண்டு நிபந்தனைக் கார்டு. அது முடியும் முன் உள்ள 90 நாளுக்குள் இருவரும் சேர்ந்து நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனுவை அனுப்ப வேண்டும்.