சாயம் பூசாத அகலே போதும்: தேக்கா அகலும் பெட்டியில் வந்த தொகுப்பும்

தீபாவளிக்கு அக்கம்பக்கத்துக்கு முறுக்கு கொடுக்கும்போது, என் கையால் வண்ணம் தீட்டிய அகல்விளக்கு ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு. எங்கள் மாடி, கீழ் மாடி, வேலையிடத்துத் தோழிகள், பிள்ளையின் துணைப்பாட ஆசிரியை என்று கணக்குப் போட்டால் இருபதைத் தாண்டிவிடும். அத்தனை பேருக்கும் கடையில் பரிசுக்கூடை வாங்கினால் கட்டுப்படியாகுமா?

இந்த முறை அக்கா மகள் இணையத்தில் ஒரு ‘நீங்களே செய்யலாம்’ விளக்குத் தொகுப்பு வாங்கி வந்தாள். ஒரே சாப்பாட்டு மேசையில் அவள் தொகுப்பும் நான் தேக்காவில் (லிட்டில் இந்தியா) வாங்கிய மண் அகலும். இரண்டையும் அருகருகே வைத்துச் செய்து பார்த்ததால் எழுதுகிறேன்.

முதலில் தொகுப்பு. 26 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). ஆறு விளக்கு, ஆறு நிறம், ஒரு தூரிகை, கண்ணாடிச் சில்லு, பசை. பெட்டி கண்ணைப் பறித்தது, அதில் குறையே சொல்ல முடியாது. விளக்குகள் அச்சில் வார்த்தவை, முன்கூட்டியே வெள்ளை அடித்திருந்தார்கள். அடிப்பாகம் தடிமன். திரி வைக்கும் மூக்கு பேருக்குத்தான் இருந்தது, திரி அதில் நிற்காமல் எண்ணெய்க்குள்ளேயே சரிந்தது. சாயம் கட்டைவிரல் நகம் அளவுக் கிண்ணங்களில். நாலாவது விளக்குக்கு வரும்போதே வெள்ளை தீர்ந்துவிட்டது. இதைவிடப் பெரிய குறை, எந்த இடத்தில் சாயம் பூசக் கூடாது என்று குறிப்புத்தாளில் ஒரு வரிகூட இல்லை. பிள்ளை ஆசையாக உள்பக்கம் முழுக்க மஞ்சள் அடித்துவிட்டாள். ஏற்றியதும் சுடர் பட்ட இடம் கருகி, வீடெல்லாம் பிளாஸ்டிக் தீய்ந்த வாடை. குழந்தைகளை நம்பி விற்கும் பொருளில் அந்த ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும். நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும்: எட்டு வயதுப் பெண் கைத்தொலைபேசியைத் தொடாமல் மதியம் முழுவதும் உட்கார்ந்திருந்தாள். நிறங்களும் நல்ல பளிச்.

இப்போது தேக்கா. நான் வழக்கமாகப் போவது கேம்பல் லேன். 1960லிருந்து பூவும் பூஜைப் பொருளும் விற்றுவரும் ஜோதி ஸ்டோர் அங்கேதான் இருக்கிறது. தீபாவளி நெருங்கினால் அந்தச் சந்து முழுக்கத் தோரணமும் விளக்கும்தான். பஃபலோ ரோட்டுப் பக்கமும் பூஜைப் பொருள் கடைகள் உண்டு. சாயம் பூசாத சிறிய அகல், ஒன்று ஏறக்குறைய 50 காசு என்று எனக்குக் கிடைத்தது. பக்கத்திலேயே சமிக்கி ஒட்டிப் பளபளவென்று அடுக்கி வைத்திருப்பார்கள். அது பல மடங்கு விலை. அந்தப் பக்கம் திரும்பாதீர்கள்.

அகல் எடுப்பதில்தான் விஷயமே இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தது: “தட்டிப் பாத்து எடுங்கம்மா, கீறல் இருந்தா சத்தமே காட்டிக் குடுத்துரும்.” நகத்தால் சுண்டினால் நல்ல அகல் ‘டிங்’ என்று கேட்கும். கீறல் விட்டது மந்தமாக ‘டக்’ என்று நிற்கும். அடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். பிறகு உள்ளே பாருங்கள். சக்கரத்தில் வனைந்ததாக இருந்தால் குயவர் விரல் போன தடம் வட்ட வட்டமாகத் தெரியும். மூக்கை ஈரமாக இருக்கும்போதே விரலால் கிள்ளி இழுத்திருப்பார்கள், ஒன்று போல் இன்னொன்று இருக்காது. திரி அதில் கச்சிதமாகப் படுத்துக்கொள்ளும். இருபது அகலையும் இப்படிப் பொறுக்க நேரமாகத்தான் செய்யும். எந்தக் கடைக்காரரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கழுவித் தூசி போக்கி, நன்றாகக் காய விட வேண்டும். இங்கே அக்டோபர், நவம்பரில் மழை ஈரம் அதிகம், ஒரு நாள் வெயிலை நம்ப முடியாது. உள்ளே ஈரம் இருக்கும்போது பூசினால் சாயம் கொப்பளித்து உரிந்துவிடும். காய்ந்தபின் வெள்ளை அக்ரிலிக் சாயத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வெளிப்பக்கம் மட்டும் மெல்லியதாக இரண்டு பூச்சு. சுட்ட மண் முதல் பூச்சை அப்படியே குடித்துவிடும், பயப்பட வேண்டாம். உள்பக்கமும் மூக்கின் நுனியும் வெறும் மண்ணாகவே இருக்கட்டும்.

சாயத்துக்கு டைசோ என்ற மலிவு விலைக் கடையே போதும். இப்போது அங்கே அடிப்படை விலை, பொருள் சேவை வரியோடு சேர்த்து 2.18 வெள்ளி. வெள்ளை, மஞ்சள், பச்சை அங்கே எடுத்துக்கொள்வேன். காவி நிறம் மட்டும் மனதுக்குப் பிடித்தபடி வேண்டும் என்பதால் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஆர்ட் ஃபிரண்ட் என்ற ஓவியப் பொருள் கடை வரை போவேன். ‘ரெட் ஆக்சைடு’ என்று கேளுங்கள். நம் காவியின் நிறமே இரும்பு ஆக்சைடுதான், அதனால் அந்தச் சாயம் கோயில் மதில் பட்டைபோல் அசலாக வரும். காவி அடித்து, வெள்ளைப் புள்ளியைப் பல்குத்தும் குச்சியின் முனையால் வைத்தால் கோலப்புள்ளி மாதிரி ஒரே அளவில் விழும். தூரிகையால் இந்தச் சுத்தம் வராது. கண்ணாடிச் சில்லெல்லாம் எனக்கு வேண்டாம். காவியும் வெள்ளையும் போதுமான அழகு.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. மண் அகல் எண்ணெய் குடிக்கும், அதனால்தான் அம்மாக்கள் முதலில் தண்ணீரில் ஊறப் போடுவார்கள். வண்ணம் தீட்டியதை ஊறப் போட்டால் செய்த வேலை அத்தனையும் கிளம்பி வந்துவிடும். தவிர, எதிர்வீட்டுச் சீன அங்கிள் நல்லெண்ணெய்க்கும் பஞ்சுத் திரிக்கும் எங்கே போவார்? ஆகவே நான் சற்று அகலமான அகலாக வாங்கி, உள்ளே ‘டீலைட்’ என்ற குட்டி மெழுகுவத்தியை உட்கார வைத்துவிடுகிறேன். இக்கியாவின் கிளிம்மா வத்தி 3.8 சென்டிமீட்டர் விட்டம், சில மணி நேரம் எரியும், நூறு நூறாக ஒரே பையில் வருகிறது. அகல் வாங்கும்போதே ஒரு வத்தியைக் கைப்பையில் கொண்டுபோய் அளவு பார்த்துவிடுங்கள்.

பக்கத்து வீட்டு மக்சிக்குக்கு (மலாய் அம்மாவுக்கு) இப்படிக் கொடுத்ததை நோன்பு மாதக் கடைசியில் அவர் வாசலில் பார்த்தேன், மலாய்க்காரர்கள் அப்போது ஏற்றும் பெலித்தா எண்ணெய் விளக்குகளின் வரிசையில். எனக்குச் சொல்ல முடியாத சந்தோஷம்.

கணக்கு: 24 அகல் 12 வெள்ளி, சாயம் சுமார் 10, மெழுகுவத்தியும் சுற்றும் தாளும் சேர்த்து இன்னொரு 6. ஒரு விளக்கு ஒன்றேகால் வெள்ளிக்கும் குறைவு. தொகுப்பில் ஒன்று நாலு வெள்ளிக்கு மேல். சாயத்தில் பாதி மிச்சம், அடுத்த வருடத்துக்கு ஆயிற்று.

முறுக்குக்கு அந்தச் சிவப்பு மூடி பிளாஸ்டிக் போத்தல்தான், பூன் ஹுவாட் மாதிரி பேக்கரிப் பொருள் கடைகளில் கிடைக்கும். விளக்கைத் தாளில் சுற்றி, பழைய பட்டுச்சேலைக் கரையில் தைத்த சுருக்குப்பையில் போட்டால் வேறு அலங்காரமே தேவையில்லை. சேலைக்கரை கைவசம் இல்லாதவர்கள் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் துணிக்கடைகளில் துண்டுத்துணி கேட்டுப் பாருங்கள்.

தொகுப்பை யார் வாங்கலாம்? ஒரே ஒரு குழந்தைக்கு மழைநாள் பொழுது போக வேண்டும், அலைய நேரமில்லை என்றால் வாங்கலாம். உள்பக்கம் பூசாமல் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள். நாலு வீட்டுக்குக் கொடுக்கவென்றால் வேண்டவே வேண்டாம்.

தேக்காவுக்குப் போகிறவர்கள் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே, வாரநாள் காலையில் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே நிற்கவே இடம் இருக்காது, தட்டிப் பார்த்து எடுப்பது எங்கே! நாள் நெருங்க நெருங்கக் கடைகளில் சமிக்கி விளக்குதான் முன்னால் இருக்கும். சாயம் பூசாததைக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.